ஹலோ... எங்கேர்ந்து பேசுறீங்க?

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட்டோட ஆரம்பிப்போம். சிலபஸ்ல இருந்து இல்ல, பயப்படாதீங்க.

மத்தியானம் மூணு மணி. லேப்ல நிக்கிறீங்க. பாக்கெட்ல போன் அதிருது. எடுத்துப் பார்த்தா பேர் இல்ல, ஏதோ ஒரு நம்பர். சில சமயம் அந்த நம்பர்கூட இல்லாம, 'பிரைவேட் நம்பர்'னு மட்டும் வருது. எடுப்பீங்களா, கட் பண்ணுவீங்களா?

போன வாரம் கேண்டீன் பெஞ்சுல இதே கேள்வியைப் போட்டேன். பசங்க பதில் சிம்பிள். "லோன் வேணுமான்னு கேட்பானுங்க பாஸ், கட்!" பொண்ணுங்க பதில் அவ்வளவு சிம்பிளா இல்ல. "ஒரு தடவை எடுத்து 'ஹலோ'ன்னு சொன்னாப் போதும், இது பொண்ணு நம்பர்னு தெரிஞ்சிடும். அப்புறம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு அடிப்பானுங்க. அதனால எடுக்கிறதே இல்ல"ன்னு ஒருத்தி சொன்னா, மத்தவங்க தலையாட்டினாங்க. இன்னொருத்தர் வீட்டுல, போலீஸ்னு சொல்லி மிரட்டின கும்பல் கிட்டத்தட்ட பணத்தைக் கறந்திருக்கு. அன்னிக்கிலேர்ந்து அந்த வீட்டுல தெரியாத நம்பருக்குத் தடா.

இத்தனை பதில்லயும் ஒரு பதில் மட்டும் வரவே இல்ல: "ஒருவேளை டாக்டரா இருக்குமோ?"

இந்த வார மேட்டர் அதுதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து நமக்குப் போன் வந்தா, நம்பர் தெரியணுமா, தெரியக் கூடாதா? 'இதுல என்ன இருக்கு'ன்னுதான் நானும் நினைச்சேன். ஒரு நண்பனோட கதையைக் கேட்கிற வரைக்கும்.

சேத்துக் கையும் ஸ்பீக்கர் போனும்

நண்பனுக்குத் திருவையாறு பக்கம் கிராமம். தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான். ரெண்டாவது வருஷத்துல பய ஒரு மாதிரி ஆயிட்டான். ராத்திரி தூக்கம் இல்ல, மெஸ்ஸுல சாப்பாடு இறங்கல, காரணமே இல்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ரெண்டு மாசம் இழுத்தடிச்சுட்டு, ஒருநாள் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு தனியாவே ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தான். எந்த கிளினிக்னு இங்க வேணாம். நல்ல டாக்டர். மாத்திரை கொடுத்தார், பொறுமையாப் பேசினார், மூணு வாரம் கழிச்சு வரச் சொன்னார். பயலுக்கும் தூக்கம் திரும்பிச்சு.

முதல் நாள் டோக்கன் போடுற இடத்துல ஒரு அட்டை கொடுத்திருக்காங்க. பேர், வயசு, அப்பா பேர், போன் நம்பர். அதுக்குக் கீழே 'மற்றொரு நம்பர்'. பின்னாடி கியூ நிக்குது. இன்னொரு நம்பர்னா நமக்கு எது மனப்பாடமா இருக்கும்? அப்பா நம்பர்தான். எழுதிட்டான்.

மூணு வாரம் கழிச்சு இன்டர்னல் டெஸ்ட். ரிவ்யூவுக்குப் போகல. கிளினிக்லேர்ந்து அக்கறையாக் கூப்பிட்டிருக்காங்க. தெரியாத நம்பர். லேப்ல இருந்தவன் கட் பண்ணிட்டான். மறுபடி அடிச்சது, மறுபடி கட். ரிசப்ஷன்ல இருந்தவங்க அட்டையைப் பார்த்து அடுத்த நம்பரைப் போட்டுட்டாங்க.

அப்போ குறுவை நடவு. அவன் அப்பா வயல்ல நிக்கிறார், ரெண்டு கையும் சேறு. வரப்புல துண்டுக்குள்ள சுத்தி வச்சிருந்த போன் அடிக்குது. நாத்துக்கட்டு எடுத்துப் போட்டுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், "நான் எடுத்துப் பிடிக்கிறேன் பெரியப்பா"ன்னு நல்ல மனசோட எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுட்டான்.

"ஹலோ, மனநல டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசுறோங்க. உங்க பையன் ரிவ்யூவுக்கு வரலையே? மாத்திரையைத் திடீர்னு நிறுத்திடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னாருங்க."

வயல்ல பத்துப் பன்னெண்டு பேர். எல்லாரும் கேட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு. 'படிக்கப் போன பையனுக்கு மூளைக் கோளாறாம்'ல ஆரம்பிச்சு, அவங்க அக்காவுக்குப் பார்த்துக்கிட்டிருந்த வரன் வரைக்கும் பேச்சு போச்சு. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே நண்பன் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டான். "அந்தப் பக்கமே இனிமே போக மாட்டேன்"னான். அந்த செமஸ்டர்ல நாலு அரியர்.

இதுல யாரைத் திட்டுறது? கூப்பிட்ட பொண்ணு கெட்டது செய்யல, ஒரு நோயாளி மாத்திரையை விட்டுடக் கூடாதேன்னு கூப்பிட்டது. ஸ்பீக்கர் போட்ட பையன் உதவி செய்ய வந்தவன். அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. ஆனா, ஒரு பையன் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்த விஷயம் ஒன்றரை நிமிஷத்துல ஊர்ச் சொத்தாயிடுச்சு.

அப்போ நம்பரை மறைச்சுட்டா?

'கிளினிக் நம்பரே தெரியாம கூப்பிட்டிருக்கலாமே'ன்னு சிலர் கேட்கலாம். வெளிநாட்டுல இது ரொம்ப வருஷமா இருக்கிற வழக்கம். பிரிட்டன்ல 141ன்னு போட்டுட்டு நம்பரை அடிச்சா, எதிர்முனையில நம்ம நம்பர் தெரியாது. அங்க நிறைய டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் இப்படி நம்பரை மறைச்சுத்தான் நோயாளிகளைக் கூப்பிடுவாங்க. வீட்டுல வேற யாராவது போனைப் பார்த்தாக்கூட, எங்கேர்ந்து கால் வந்துச்சுன்னு தெரியக் கூடாதுங்கிற எண்ணம்தான். கணவனுக்குத் தெரியாம டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலைமையில இருக்கிற ஒரு பொண்ணை நினைச்சுப் பாருங்க. மிஸ்டு கால் லிஸ்ட்ல ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி நம்பர் இருந்தாலே அன்னிக்கு ராத்திரி வீடு ரணகளம்தான். அந்தப் பொண்ணுக்கு மறைச்ச நம்பர் ஒரு கவசம்.

ஆனா கவசத்துக்கும் ஒரு விலை இருக்கு. நம்பர் இல்லாத காலை அங்கேயும் நிறைய பேர் எடுக்கிறதில்ல. எடுக்காம விட்டா, திருப்பிக் கூப்பிடவும் வழியில்ல. ரிப்போர்ட் வந்த சேதியும் போச்சு, டாக்டர் குறிச்ச நேரமும் போச்சு. அதனால, 'நம்பர் இல்லாம கால் வந்தா அது நாங்களா இருக்கலாம், தயவுசெஞ்சு எடுங்க'ன்னு கடிதத்துலேயே அச்சடிச்சுக் கொடுக்கிற ஆஸ்பத்திரிகளும் அங்க உண்டு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்காக ரெண்டு வரி. நம்பரை மறைச்சுக் கூப்பிட்டாலும் நம்பர் எங்கேயும் காணாமப் போறதில்ல. நாம கூப்பிடும்போது நம்ம நம்பர் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாத் தாண்டி எதிர்முனை கம்பெனி வரைக்கும் போகும். அதோட 'இதைத் திரையில காட்டாதே'ன்னு ஒரு சின்னக் குறிப்பும் ஒட்டிக்கிட்டுப் போகும். கடைசி எக்ஸ்சேஞ்ச் அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு நம்பரை மறைக்குது. ஆனா கம்பெனி ரெகார்டுல நம்பர் இருக்கும். அதனால, 'பிரைவேட் நம்பர்ல கலாய்க்கலாம்'னு யாராவது பிளான் பண்ணியிருந்தா, கேன்சல் பண்ணிடுங்க.

நம்ம நாட்டுல இந்த மறைக்கிற வசதியை நினைச்ச உடனே வாங்க முடியாது. டெலிகாம் லைசென்ஸ் விதிகள் இதுல கறார். யாருக்கெல்லாம் இந்த வசதி இருக்குங்கிற பட்டியல் அரசு அமைப்புகளுக்குப் போகணும். கால் சென்டர், டெலிமார்க்கெட்டிங், மொத்தமா கனெக்ஷன் வாங்குறவங்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அதனால தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுல இருக்கிற ஒரு சின்ன லேப் தானா முடிவு பண்ணி நம்பரை மறைச்சுட முடியாது. ஆனா மறைக்காமலே மறைஞ்ச மாதிரிதான் நடக்குது. ஒருநாள் ரிசப்ஷனிஸ்ட் சொந்த செல்லிலேர்ந்து கால், இன்னொரு நாள் டாக்டர் வீட்டு நம்பர். பெரிய ஆஸ்பத்திரின்னா எக்ஸ்சேஞ்ச் நம்பர். திருப்பிக் கூப்பிட்டா 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'. யார் கூப்பிட்டாங்கன்னு அந்த ஆஸ்பத்திரிக்கே தெரியாது. நம்மளைப் பொறுத்தவரைக்கும் எல்லாமே 'தெரியாத நம்பர்'தான்.

ஒரு ஃப்ளாஷ்பேக்

நம்ம அப்பா அம்மா காலத்துல யார் கூப்பிடுறாங்கன்னு தெரியவே தெரியாது. தெருவுக்கு ஒரு வீட்டுல போன் இருக்கும். "பிபி நம்பர்"னு அந்த வீட்டு நம்பரைத்தான் எல்லாரும் கொடுப்பாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தா, பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து வாசல்ல நின்னு கூப்பிடுவாங்க. என்ன விஷயம்னு மாமிக்குத்தான் முதல்ல தெரியும். அப்புறம் தெருவுக்கு. கடைசியா நமக்கு.

1995-ல இந்தியாவுக்கு செல்போன் வந்துச்சு. ஆரம்பத்துல வர்ற காலுக்கும் காசு கட்டணும். 2003-லதான் இன்கமிங் இலவசமாச்சு. செல்போன் திரையில நம்பர் தெரிஞ்சதாலதான் 'மிஸ்டு கால்' கலாசாரமே பொறந்துச்சு. ஒரு ரிங் விட்டா 'பஸ்ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்', ரெண்டு ரிங் விட்டா 'நீ கூப்பிடு'ன்னு காசில்லாம பேசின தலைமுறை அது. அப்போ காசுக்குப் பயந்து போனை எடுக்கல. இப்போ ஆளுக்குப் பயந்து எடுக்கல.

அந்த மிஸ்டு கால் புத்தியை வைத்தியத்துக்கே திருப்பிவிட்டவங்களும் இருக்காங்க. 2010-கள்ல இந்தியாவுல காசநோயாளிகளுக்காக '99டாட்ஸ்'னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. மாத்திரை அட்டையைச் சுத்தி ஒரு காகித உறை இருக்கும். மாத்திரையைத் தள்ளி எடுத்தா, பின்னாடி மறைஞ்சிருக்கிற ஒரு நம்பர் தெரியும். நோயாளி தன் செல்லிலேர்ந்து அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டாப் போதும், செலவில்ல, பேச வேண்டியதும் இல்ல. கூப்பிட்ட நம்பரை வச்சு ஆள் யாருன்னும், எந்த நம்பருக்குக் கூப்பிட்டார்ங்கிறதை வச்சு எந்த மாத்திரையை எடுத்தார்னும் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும். பக்கத்துல பத்துப் பேர் நின்னாலும், 'எனக்கு டிபி, மாத்திரை போட்டுட்டேன்'னு யாருக்கும் கேட்காது.

கவனிங்க, இங்க நம்பர் மறையல. ஒரு வார்த்தைகூடப் பேசாததாலதான் விஷயம் வெளியே போகல.

டாக்டர் பக்கத்து நியாயம்

நம்பரை மறைக்க ஆசைப்படுறதுக்கு டாக்டர்களுக்கும் ஒரு சொந்தக் காரணம் இருக்கு. ஒரு நோயாளிக்குத் தன் செல்லிலேர்ந்து கூப்பிட்டார்னு வைங்க. அன்னிக்கு சாயங்காலமே அந்த நம்பர் மச்சான், மாமனார், மளிகைக்கடை அண்ணாச்சின்னு சுத்தும். ராத்திரி ரெண்டு மணிக்கு, "சார், மத்தியானம் சாப்பிட்ட கொத்து புரோட்டா ஒத்துக்கல"ன்னு கால் வரும். அந்த மனுஷனும் தூங்க வேணாமா?

அதுக்கும் வழியில்லாம இல்ல. கால் டாக்ஸி டிரைவருக்கு நம்ம நம்பர் தெரியாது, நமக்கு அவர் நம்பர் தெரியாது, நடுவுல ஒரு பொது நம்பர் ரெண்டு பேரையும் இணைக்குது. அதே மாதிரி கிளினிக்குக்கு ஒரே ஒரு நிலையான நம்பர், எந்த டாக்டர் பேசினாலும் அந்த நம்பர்லேர்ந்துதான் போகணும்னு வச்சுக்கலாம். திருப்பிக் கூப்பிட்டா ஆள் எடுக்கணும், அவ்வளவுதான். ஆனா 'நான் யார்னே சொல்ல மாட்டேன்'ங்கிறது வைத்தியத்துல எடுபடாது. 2020 மார்ச் 25-ல, கொரோனா லாக்டவுன் ஆரம்பிச்ச அதே நாள்ல மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள்லயே இது இருக்கு. போன் வழியா வைத்தியம் பார்த்தா டாக்டருக்கு நோயாளி யார்னு தெரியணும், நோயாளிக்கும் டாக்டர் யார்னு தெரியணும்.

சட்டம் என்ன சொல்லுது?

நோயாளியோட ரகசியத்தைக் காக்கிறது டாக்டர் கடமைன்னு இந்திய மருத்துவ கவுன்சிலோட 2002-ஆம் வருஷ நெறிமுறை விதிகள் தெளிவாச் சொல்லுது. கோர்ட் கேட்டாலோ, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னாலோ, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்னாலோதான் விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு எங்க ஆரம்பிக்குதுங்கிறது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, அதுவும் நம்ம சென்னையில நடந்த சம்பவத்தை வச்சு. நாகாலாந்துல அரசு டாக்டரா இருந்த ஒருத்தர், ஒரு நோயாளிக்குத் துணையா சென்னைக்கு வந்த இடத்துல ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில எச்.ஐ.வி. இருக்கிறது தெரிஞ்சது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். விஷயம் ஆஸ்பத்திரி வழியா வெளியே வந்து கல்யாணம் நின்னு போச்சு, ஊர்ல இருக்க முடியாம கிளம்ப வேண்டியதாச்சு. அவர் வழக்குப் போட்டார். 1998-ல வந்த தீர்ப்பு ஆஸ்பத்திரி பக்கம்தான் நின்னுச்சு. ரகசியம் முக்கியம்தான், ஆனா கட்டிக்கப் போற பொண்ணோட உயிர் அதைவிடப் பெரிசுன்னு கோர்ட் சொல்லுச்சு.

அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு லா காலேஜ் மக்கள் இன்னிக்கும் மல்லுக்கட்டலாம். ஆனா அதுக்கப்புறம் காத்து வேற பக்கம் அடிச்சுது. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லுச்சு. 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சட்டத்துல சொல்லியிருக்கிற சில சூழ்நிலைகளைத் தவிர, சம்மதம் இல்லாம ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் வருஷ மனநல மருத்துவச் சட்டமும் நோயாளிக்கு ரகசிய உரிமை கொடுக்குது.

நண்பனோட கதைக்கு வருவோம். வரப்புல நின்ன பத்துப் பன்னெண்டு பேரோட உயிருக்கும் எந்த ஆபத்தும் இல்ல. ஒரு விதிவிலக்கும் அங்க பொருந்தாது. ஆனா சட்டத்தை மீறுறோம்னு அந்த ரிசப்ஷனிஸ்டுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு டோக்கன் போடவும் பில் போடவும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. போன்ல எப்படிப் பேசணும்னு?

இனிமே பேரே வரும்!

நம்பர் சண்டையே இன்னும் முடியல, அதுக்குள்ள பேர் சண்டை ஆரம்பிச்சாச்சு. கூப்பிடுறவங்க பேரைக் காட்டுற ஆப்கள் ரொம்ப நாளா இருக்கு. அதுல வர்ற பேரை யார் வைக்கிறா? நம்மளை மாதிரி ஆளுங்கதான். யாரோ ஒருத்தர் தன் போன்ல ஒரு டாக்டரைக் கிண்டலா ஒரு பேர்ல பதிஞ்சு வச்சிருந்தா, அதே பேர் நம்ம திரையிலயும் வந்து நிக்கலாம். பக்கத்துல அத்தை உட்கார்ந்திருந்தா முடிஞ்சுது கதை.

இப்போ அரசு வழியாவே பேர் வரப் போகுது. சிம் யார் பேர்ல வாங்கியிருக்கோ அந்தப் பேரைத் திரையில காட்டணும்னு 2024 பிப்ரவரியில டிராய் பரிந்துரை பண்ணுச்சு. 2025 அக்டோபர்ல, இது எல்லாருக்கும் தானாவே இருக்கணும், வேணாங்கிறவங்க சொல்லி நிறுத்திக்கலாம்னு முடிவாச்சு. மோசடி கும்பலைப் பிடிக்க இது நல்ல வழி. காலேஜ் மக்களுக்கு ஒரு எச்சரிக்கை: உங்க சிம் அப்பா பேர்ல இருந்தா, ஆசையாக் கூப்பிடுற இடத்துல அப்பா பேர்தான் மின்னும். "ஹலோ அங்கிள்"னு பதில் வந்தா கம்பெனி பொறுப்பில்ல.

தமாஷை விடுங்க. ஒரு மனநல ஆஸ்பத்திரியோ, குழந்தையின்மை சிகிச்சை மையமோ கூப்பிட்டா, எடுக்கிறதுக்கு முன்னாடியே திரையில பேர் பளிச்சுனு தெரிஞ்சா? டிராய் பரிந்துரையிலேயே இதுக்கு ஒரு சந்து இருக்கு. நிறுவனங்கள் தங்களோட பதிவு செஞ்ச வணிகப் பேர்ல எதைக் காட்டணும்னு விருப்பமாத் தேர்ந்தெடுத்துக்கலாம். நோயோட பேர் இல்லாத ஒரு சாதாரணப் பேரைக் கிளினிக்குகள் யோசிச்சுத் தேர்ந்தெடுத்தா, யார் கூப்பிடுறாங்கன்னு நோயாளிக்குத் தெரியும், எதுக்குன்னு பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது.

ரகசியம் நம்பர்ல இல்ல

இவ்வளவு தூரம் சுத்தி வந்ததுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். நம்பரைக் காட்டினாலும் விஷயம் கசியலாம், மறைச்சாலும் கசியலாம். நண்பன் விஷயத்துல அதுதான் நடந்துச்சு. யார்னு தெரியாததால அவன் எடுக்கல. அவன் எடுக்காததால அடுத்த நம்பருக்குப் போச்சு. அங்க எடுத்தது யார்னு கேட்காமலே முதல் வரியில எல்லாம் கொட்டிப் போச்சு. அந்த வரி மட்டும் இப்படி இருந்திருந்தா?

"வணக்கம், தஞ்சாவூர்லேர்ந்து பேசுறேங்க. உங்க பையன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். அவசரம் ஒண்ணும் இல்ல. இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?"

அவ்வளவுதான். சிகிச்சை பேர் இல்ல, டாக்டர் பேர் இல்ல. வரப்புல ஸ்பீக்கர் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. இதுக்குப் புது மெஷின் வேணாம், செலவு வேணாம். போன் எடுத்தவர் சம்பந்தப்பட்டவர்தானான்னு கேட்டுட்டு அப்புறம் பேசுற பழக்கம் போதும்.

நம்ம பக்கமும் செய்ய வேண்டியது இருக்கு. அடுத்த தடவை எந்த ஓ.பி. சீட்டுல நம்பர் எழுதினாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க. 'மற்றொரு நம்பர்' கட்டாயமான்னு கேளுங்க. கட்டாயம்னா, உங்களுக்கு நம்பிக்கையான ஆளோட நம்பரை, அவங்ககிட்ட சொல்லிட்டு எழுதுங்க. "எனக்கு மட்டும் கூப்பிடுங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கூப்பிடுங்க, வேற யாராவது எடுத்தா விஷயத்தைச் சொல்லாதீங்க"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வெட்கப்பட வேண்டியதே இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி "எந்த நம்பர்லேர்ந்து கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டு உங்களுக்கு மட்டும் புரியற பேர்ல பதிஞ்சுக்குங்க. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற வாரத்துல தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்க. எடுத்துட்டு நீங்க பேசாதீங்க, அவங்களைப் பேச விடுங்க. ஓ.டி.பி., பணம்னு ஆரம்பிச்சா அது ஆஸ்பத்திரி இல்ல, வைங்க. சந்தேகமா இருந்தா கட் பண்ணிட்டு, சீட்டுல அச்சடிச்சிருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.

வீட்டுக்கு ஒரே போன்தான்னு இருக்கிறவங்களுக்கு இது கஷ்டம்தான். நம்ம டெல்டா கிராமங்கள்ல அம்மாக்கள் நிறைய பேர் சொந்த நம்பர் இல்லாம, மகன் நம்பரையோ புருஷன் நம்பரையோதான் ஆஸ்பத்திரியில கொடுக்கிறாங்க. அம்மாவோட ரிப்போர்ட் உங்க போனுக்கு வந்தா, அதை முதல்ல அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. அப்பாகிட்ட சொல்லலாமா, சித்திகிட்ட சொல்லலாமாங்கிறதை அம்மா முடிவு பண்ணட்டும்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன், எம்.பி.பி.எஸ். படிக்கிற மக்களே, இன்னும் சில வருஷத்துல போனுக்கு அந்தப் பக்கம் நீங்கதான் நிக்கப் போறீங்க. உங்க மேஜை மேல போன் இருக்கும், அட்டையில ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் எடுக்கலேன்னா ரெண்டாவது நம்பருக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு சேத்துக் கையை ஞாபகம் வச்சுக்குங்க.

மனசு சரியில்லாம, யார்கிட்டயும் போய் நிக்கத் தயக்கமா இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 14416-ன்னு அரசோட 'டெலி மானஸ்' நம்பர் 2022-லேர்ந்து இருக்கு. காசில்ல, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம்.

நண்பன் என்ன ஆனான்னு கேட்பீங்களே? வயல்ல போன் வந்து பத்து நாள் வரைக்கும் அவங்க அப்பா ஒரு வார்த்தை பேசல. இவனும் ஊருக்குப் போகல. பதினோராவது நாள் காலையில ஹாஸ்டல் வாசல்ல மஞ்சப்பையோட நின்னார். பையில அம்மா சுட்ட முறுக்கு. ரெண்டு பேரும் பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் டீ குடிச்சிருக்காங்க. ரொம்ப நேரம் நடவு, தண்ணி, உர விலைன்னே பேச்சு போயிருக்கு. கிளம்பும்போதுதான் சொன்னாராம்.

"அந்த டாக்டர்கிட்ட மறுபடி போயேன்பா. வேணும்னா நானும் வர்றேன். ஆனா அங்க எழுதி வச்சிருக்கிற என் நம்பரை அடிச்சுடச் சொல்லு. உனக்கு என்னான்னு அவங்க எனக்குச் சொல்ல வேணாம். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீ சொல்லு."

நண்பன் மறுபடி போனான். முதல் வேலையா அட்டையை வாங்கி ரெண்டாவது நம்பரை அடிச்சான். அரியரெல்லாம் கிளியர் பண்ணி டிகிரியும் முடிச்சான். இந்தக் கதையை எழுதலாமான்னு கேட்டப்போ, "எழுது, பேர் மட்டும் போட்டுடாதே"ன்னான்.

போடல மச்சி!

அடுத்த வாரம் வேற மேட்டரோட பெஞ்சுக்கு வாங்க. அதுவரைக்கும், தெரியாத நம்பர் அடிச்சா... கொஞ்சம் யோசிச்சு கட் பண்ணுங்க!